பாறைக்குள் போகும் எண்ணெய்

மாட்டும், மாட்டாது, மாட்டும், மாட்டாது என்றுதான் மரகதவல்லியின் காதுக்கு அது கேட்டது. ஆழ்துளைக் கிணற்றுக்காகப் பூமிக்கு அடியில் கருங்கல்லை இடித்துக்கொண்டிருந்த ஹேமருக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியாது. கம்ப்ரசர் வண்டியிலிருந்து வருகிற காற்று, ராடு என்கிற இரும்புக் குழாய் வழியாக இறங்கி, ஹேமருக்குள் இருக்கும் பிஸ்டனைக் கீழே தள்ளும், மேலே தூக்கும், பிஸ்டன், நுனியில் இருக்கிற பிட்டின் தலையில் அடிக்கும், பிட் பாறையை அடிக்கும், பொடி மேலே வரும், அவ்வளவுதான் விஷயம். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கக் காற்றோடு சேர்த்து எண்ணெயும் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். போன எண்ணெய் திரும்பி வராது. பாறை வெடிப்பிலும் ஊற்றிலும் போய்த் தங்கிவிடும். போர் போடுகிற வண்டிகளில் பலர் இதற்கென்று ஊற்றுவது லாரி எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை. இன்றைக்கு இந்த வண்டியில் ஊற்றியிருப்பது அவள் எண்ணெய். புங்கங்கொட்டையிலிருந்தும் ஆமணக்கிலிருந்தும் எடுத்து, அவள் கையால் பதப்படுத்தி, மண்ணுக்குள் போனால் மண்ணிலுள்ள கிருமிகளே தின்று தீர்த்துவிடும்படி செய்த எண்ணெய். மூன்று வருஷத்து வேலை. அது அடியில் இருக்கிற சூட்டுக்குப் பிசினாகிப் பிஸ்டனைக் கவ்விக்கொண்டால் ஹேமர் நின்றுவிடும். நின்ற ஹேமரின் மேல் கல்பொடி இறங்கி இறுகும். பிறகு இறக்கின ராடு அத்தனையும் பூமிக்கே சொந்தம். மாட்டும், மாட்டாது. அவள் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். சத்தம் நகரவில்லை.

காய்ந்துபோன தென்னைகளுக்கு நடுவில், நிலத்துக்காரர் சென்னியப்பன் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் நாற்காலி அது. ஒரு கால் மண்ணில் புதைந்து சாய்ந்திருந்ததால் அவளும் காலையிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தாள். தென்னை நிழல் ஒரு கோடு அகலம்தான். அந்தக் கோட்டுக்கு ஏற்ப நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டு இப்போது அவள் துளைபோடும் ரிக் வண்டியைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, எண்ணெய்த் தொட்டி கண்ணில் படுகிற தூரத்துக்கு வந்திருந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தும் பல்லில் கல்பொடி நெறுநெறுத்தது. வெயில் வேறு, இந்த வயசுக்கு உள்ளிருந்து கிளம்பும் சூடு வேறு. சூடு ஏறினால் எண்ணெய் இளகும், மனுஷி இறுகுவாள் என்று ஒரு எண்ணம் வந்தது; யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றியது; யாரிடம் என்று தோன்றவில்லை. காலையில் பூஜை போட்டபோதுகூட அப்படித்தான். ரிக்கின் முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டு, டிரில்லர் அர்த்தநாரி அவள் கொண்டுவந்த வெள்ளைக் கேனைத் தட்டிப் பார்த்து, "மேடம், இந்த எண்ணெயிலயே ஒரு வெளக்கு ஏத்திரலாமுங்களா?" என்றான். "எரியும்" என்றாள். "அப்ப வடையும் சுடலாம்னு சொல்லுங்க. ஹேமருக்கு ஊத்துனது போக மிச்சத்துல மத்தியானத்துக்கு வடை." எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் புரியாத ஒடிசாக்காரர்கள் இரண்டு பேரும்கூடச் சிரித்தார்கள். அவளும் சிரித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இது சமையல் எண்ணெய் இல்லை, ரசாயன முறையில் மாற்றியது, தீப்பிடிக்கும் சூடு வேறு, கசப்பு வேறு இருக்கும் என்று விளக்க ஆரம்பித்தாள். அர்த்தநாரி பொறுமையாகத் தலையாட்டினான். சிரிப்பு எப்போது அடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. விளக்கி முடித்துப் பார்த்தபோது அவரவர் வேலைக்குப் போயிருந்தார்கள். எப்போதுமே அப்படித்தான். விளக்கி முடிக்கும்போது ஆள் இருப்பதில்லை. புருஷன் தியாகுவும் அப்படித்தான் போனான் என்று சொல்லிவிட முடியாது, அவன் ஓசூருக்கு மாற்றலாகித்தான் போனான், சண்டை என்று ஒன்றும் இல்லை, ஆறு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்றான், பிறகு அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் போவதற்கு முந்தின வாரம் ஒருநாள் அவள் அடுப்படியில் எண்ணெய்த் தூக்கின் வெளிப்பக்கத்தில் படிந்திருந்த பிசுக்கைக் கத்தி முனையால் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துக்கொண்டிருந்ததைக் கதவோரத்தில் நின்று பார்த்தான். எந்த வீட்டிலும் இருக்கிற பிசுக்குதான். காற்றும் சூடும் பட்டுப்பட்டு எண்ணெய் முதலில் கெட்டியாகும், பிறகு ஒட்டும், பிறகு பழுப்பாக ஓடு கட்டும். சோப்பு போட்டாலும் போகாது. அவளுக்கு எதிரி அதுதான். ஹேமருக்குள் அந்த ஓடு கட்டாமல் இருக்கத்தான் இத்தனை பாடு. "அதைக் கழுவ மாட்டியா?" என்றான். "இது எப்படி உண்டாகுதுன்னு பாக்கறேன்." "கழுவாம விட்டா உண்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பதில்தான். ரசாயனப்படியும் சரியான பதில்தான். கழுவாமல் விட்டது எது எது என்று அதற்குப் பிறகு பலநாள் யோசித்திருக்கிறாள். மாட்டும், மாட்டாது.

அர்த்தநாரி, ராடைப் பிடித்திருக்கிற இரும்புச் சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். கண்ணை ஏறக்குறைய மூடியிருந்தான். கீழே பிஸ்டன் எப்படி அடிக்கிறது என்று அவனுக்குக் கையில் தெரியும், காலில் தெரியும், காதில் தெரியும். பாறை மாறினால் தெரியும், எண்ணெய் போதவில்லை என்றால் சத்தம் வறண்டு போகும் என்று சொன்னான். வறண்ட சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "வறண்டு இருக்குமுங்க" என்றான். அவள் காலையிலிருந்து வறட்சியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். முதலில் எல்லாமே வறண்டதாகக் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை, கம்ப்ரசரின் இரைச்சல் காதை அடைத்துவிட்டது. பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து இந்த இரண்டு வார்த்தை கிளம்பி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆய்வுக்கூடத்தில் என்றால் கண்ணாடிக் குழாயில் எண்ணெய் வழிகிற நேரத்தைப் பார்க்கலாம், ஆக்சிஜன் அழுத்தம் எப்போது விழுகிறது என்று முள்ளைப் பார்க்கலாம், ஒரு துளி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்க்கலாம். இங்கே எண்ணெய் கண்காணாத இடத்துக்குப் போய்விட்டது. அது என்ன பாடுபடுகிறதோ. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு உதவியாக இருந்த ஃபெலிக்ஸ் இருந்திருந்தால் இந்நேரம் பக்கத்தில் நின்று ஏதாவது சொல்லியிருப்பான். அவள் மூன்று வருஷத்தில் அதிகமாகப் பேசியது அவனிடம்தான், அதுவும் பிசின், அமிலம், கொதிநிலை. பெயிண்ட் கம்பெனியில் வேலை கிடைத்துப் போகிற அன்றைக்குத் தன் கோட்டை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "மேடம், நீங்களும் யாராவது மனுஷங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றான். பேசுகிறேனே என்றாள். யாரிடம் என்று அவனும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் மட்டும். சங்ககிரி ரோட்டில் எண்ணெய்க் கம்பெனியின் பின்பக்கம், ஒரு சன்னல், ஒரு மேஜை, புங்க எண்ணெயின் வாடை. அந்த வாடை சேலையில் ஏறி, தலைமுடியில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் மூக்கைச் சுளிக்கிற அளவுக்கு வந்து, பிறகு அவளுக்கே அது தன் உடம்பின் வாடைபோல் ஆகிவிட்டது. போன வாரம் முதலாளி குழந்தைவேலு அந்த அறைக்கு வந்து நின்றார். வந்து நிற்கிறவர் அல்ல. "மரகதம்மா, இதுதான் கடைசிங்க. என் மச்சினன் வண்டியில ஒரு போர் முழுசா உங்க எண்ணெயிலயே ஓட்டட்டும். ஹேமர் சுத்தமா வெளிய வந்துச்சுன்னா அவன் வண்டி எல்லாத்துக்கும் எடுத்துக்கறேங்கறான். இல்லீன்னா இந்த ரூம்ல கிரீஸ் டப்பா அடுக்கிருவேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க." மனசில் வைத்துக்கொள்ள இடம் எங்கே இருக்கிறது என்று அப்போது நினைத்தாள். இப்போது, கல்பொடிக்கு நடுவில், ஏராளமாக இடம் இருப்பது தெரிந்தது. காலி அறை மாதிரி. டப்பா அடுக்கலாம்.

அவள் எழுந்திருக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல்தான் கிளம்பினாள். ஆம்பளைகள் மட்டும் இருக்கிற இடத்துக்குப் போனால் எப்போதும் அப்படித்தான். ஒடிசாக்காரர்கள் வேலியோரம் போய்விட்டு வந்தார்கள், அர்த்தநாரி வண்டிக்கு அந்தப்பக்கம் போய்விட்டு வந்தான், உலகம் அவர்களுக்கு அவ்வளவு அகலமாக இருந்தது. இன்னும் கொஞ்சநேரம், இன்னும் ஒரு ராடு என்று தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எண்ணெய்த் தொட்டியைவிட்டு நகராதீர்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். அடிவயிறு சுள்ளென்றது. கடைசியில் யாரிடமும் சொல்லாமல், தோட்டத்தைப் பார்க்கப் போகிறவள் மாதிரி மெதுவாக நடந்து, வரப்பு திரும்பினதும் வேகமாக நடந்தாள். சென்னியப்பன் வீடு எதிர்பார்த்ததைவிடத் தூரம். அவர் மனைவி துளசிமணி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல், "அக்கட்டால இருக்குதுங்க கண்ணு, கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், ஒரு தள்ளு தள்ளுங்க" என்றாள். அந்த ஒன்றும் கேட்காததற்கு மரகதவல்லிக்குக் கண் கலங்கிவிடும் போலிருந்தது; இதற்கெல்லாமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். வெளியே வந்தபோது மோர் தயாராக இருந்தது. "எத்தன கொழந்தைங்க?" "இல்லைங்க." "ஊட்டுக்காரரு?" "ஓசூர்ல வேலைங்க." "அங்கயே இருக்கறாரா? அப்ப தெனமும் ஆக்கறது யாருக்கு?" "எனக்குத்தாங்க." "ஒத்த ஆளுக்கு அடுப்புப் பத்த வெக்கறது பெரிய சடைப்புங்க. எங்க நாத்தனா அப்படித்தான், காத்தால ஆக்குனதையே பொழுதோடயும் திம்பா" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று டம்ளரை மறுபடி நிரப்பினாள். பிறகு தன் கவலைக்கு வந்தாள். "இதோட நாலாவது போருங்க. மொதல்ல போட்டது உப்பு. அடுத்த ரெண்டும் பொகைதான், சொட்டுத் தண்ணி இல்ல. இந்தத் தடவையும் இல்லீன்னா தென்னைய வெட்டிப்போட்டுட்டுத் திருப்பூருக்குப் பனியன் மடிக்கப் போலாம்னு இவரு சொல்லிட்டாரு. நீங்க ஊத்தறது ஏதோ வெதையிலிருந்து எடுத்த எண்ணெயாமா, தண்ணியக் கெடுக்காதாமா? ஊருக்குள்ள எல்லாரும் பேசிக்கறாங்க." கெடுக்காது என்றாள். அதற்குமேல் விளக்கவில்லை. துளசிமணி நம்பிவிட்டாள். ஒரு சொல்லிலேயே நம்பப்படுவது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. மோரில் கறிவேப்பிலை நறுக்கிப் போட்டிருந்தார்கள். இன்னொரு டம்ளர் குடித்தாள். உட்கார்ந்து குடித்தாள்.

திரும்பி வந்தபோது சத்தம் அப்படியேதான் இருந்தது, அல்லது அப்படியே இல்லை, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் தடித்துக் கேட்கிறதோ என்று தோன்றியது. நடந்துவந்த மூச்சாக இருக்கலாம். அர்த்தநாரி அவளைப் பார்த்ததும் காலையிலிருந்து இல்லாத கலகலப்போடு, "டீ சாப்படறீங்களா மேடம்? அட, இப்பத்தான் ஃப்ளாஸ்க்கத் தொறந்தோம், பயப்படாதீங்க, புங்க எண்ணெய் ஊத்தல" என்றான். இந்தத் தடவை அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான், ஆனால் டம்ளரை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தான். சாதாரணமாக அவன் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவன். கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். டீ ஆறிப்போயிருந்தாலும் இனித்தது. மனசு லேசாகி எங்கெங்கோ போனது. இப்போது எண்ணெய் எங்கே இருக்கும். ராடு ராடாக இறங்கி, ஒவ்வொரு மரையிலும் கொஞ்சம் ஒட்டி, ஹேமருக்குள் நுழைந்து, பிஸ்டனைச் சுற்றி முடியைவிட மெல்லிய படலமாக நின்று, ஒரு அடி வாங்கி, வெளியே விழுந்து, கல்பொடியோடு கலந்து, கொஞ்சம் மேலே வந்து, கொஞ்சம் வெடிப்புக்குள் போய், இருட்டில், எப்போதோ பெய்த மழையின் மிச்சத்தில் போய்ச் சேரும். அங்கே அதை ஒரு கிருமி கண்டுபிடிக்கும். தின்னும். நாளாக ஆக அங்கே எண்ணெய் என்று ஒன்று இருந்த அடையாளமே இருக்காது. வேலை செய்துவிட்டு அடையாளமில்லாமல் போய்விடுகிற பொருள் ஒன்றைச் செய்ய ஒருத்தி மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஒரு குரல் கேட்டது, தியாகுவின் குரல் இல்லை, அவளுடையதுதான். ஒருவேளை அவளே அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறாளோ. சங்ககிரியில் அவள் தனியாக இருக்கிற மாடி வீட்டில் ஒருநாள் அவள் இல்லாமல் போனால் பால்காரர் எத்தனை பாக்கெட் சேர்ந்த பிறகு மேலே ஏறி வந்து கதவைத் தட்டுவார். இரண்டா, மூன்றா. மூன்று என்றுதான் தோன்றியது, அவர் முழங்கால் வலிக்காரர். அவள் மிச்ச டீயைக் குடித்து முடித்தாள். ஹேமர் சுத்தமாக வெளியே வரட்டும். வந்தால் அறை இருக்கும். அறை இருந்தால் தினமும் காலையில் போவதற்கு ஒரு இடம் இருக்கும். போகாத அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு வாட்ச்மேன் இருப்பார். அவ்வளவுதான் அவள் கேட்டது, யாரிடமோ, எதனிடமோ.

அப்போது தண்ணீர் பட்டது. முதலில் பொடியின் நிறம் மாறியது, பிறகு பொடி வருவது நின்றது, பிறகு குழாய்வாயிலிருந்து சாம்பல் நிறச் சேறு குபீரென்று எழும்பித் தென்னை உயரத்துக்குப் போய்ச் சிதறியது. ஒடிசாக்காரர்கள் கத்தினார்கள். சென்னியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கட்டினார். அர்த்தநாரி கையைத் தூக்கி அவளைப் பார்த்து ஆட்டினான், ஹேமர் திக்கவே இல்லை, நின்றுபோகவே இல்லை என்கிற மாதிரி. அவள் எழுந்து ஓடினாள். வெட்டிவிட்டிருந்த மடையில் தண்ணீர் புரண்டு ஓடியது. சேறு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மடையோரம் அவள் நடந்தாள், இத்தனை வயசுக்கு ஒருநாளும் எதையும் ஜெயித்திராதவள் மாதிரி கை கால் உதறிக்கொண்டு, இரண்டு பக்கமும் யாராவது இருந்தால் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பாள், தென்னைதான் இருந்தது. மடை ஓரிடத்தில் வளைந்து சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. அதன்மேல் நிறங்கள் இருந்தன. ஊதா, பச்சை, செம்பு, மழைநாளில் பெட்ரோல் பங்க் வாசலில் கிடக்குமே அந்த மாதிரி, மெல்ல நெளிந்துகொண்டு. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. அவள் குனிந்தாள். இல்லை என்று நினைத்தாள். அவள் எண்ணெய் தண்ணீரில் விழுந்தால் பால் தெளித்த மாதிரி மங்கலாகப் பரவும், நிறம் காட்டாது, கறுப்புக் கோடு இழுக்காது. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஊற்றி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். டீசலாக இருக்கும். கம்ப்ரசர் வண்டியிலிருந்து சொட்டியிருக்கும். வண்டி மேட்டுக்கு அந்தப்பக்கம் அல்லவா நிற்கிறது, இந்தப் பக்கம் வழியாதே. அப்படியானால் பழைய ராடில் ஒட்டியிருந்த மிச்சம். காலையில் தானே நின்று துடைக்கச் சொன்னாளே, துணி சுத்தமாக வரும்வரை. இருக்கட்டும், மரைக்குள் இருந்திருக்கலாம். இவ்வளவா. இவ்வளவும் இருக்கலாம். டீசலாக இருக்கும் என்று மறுபடி ஆரம்பத்துக்குப் போனாள். அப்படிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போதே கால் அவளை ரிக்குக்கு இழுத்துப் போனது. எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய வெள்ளைக் கேன் நின்றது. தூக்கினாள். கனத்தது. இந்நேரத்துக்கு அது இப்படிக் கனக்கக் கூடாது. பாதி போர் வரைக்கும் இறங்கி அங்கேயே நின்றுவிட்ட கனம். கேனுக்குப் பின்னால், கோணிச்சாக்குப் போட்டு மூடி, தலை வெட்டின ஒரு கறுப்பு டின், அடியில் எஞ்சின் எண்ணெயின் மிச்சம். அவள் துளசிமணி வீட்டில் உட்கார்ந்து இரண்டாவது டம்ளர் மோர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இதை ஊற்றியிருக்க வேண்டும். கேனைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள், யாரும் எழுந்துவிடக் கூடாது என்பதுபோல. யாருக்கும் தெரியாது. ஹேமர் சுத்தமாக வெளியே வரும். அறை இருக்கும். அவளுக்கு மட்டும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரிகிற விஷயங்கள் ஏற்கெனவே எவ்வளவோ இருக்கின்றன, அதோடு ஒன்று, அடுத்த போரில் சரியாகப் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த போர் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் இந்தப் போர் ஜெயித்திருக்க வேண்டும். அப்படித்தானே. நிமிர்ந்தாள். துளசிமணி வந்திருந்தாள். மடையில் மஞ்சளும் குங்குமமும் தூவிக் கும்பிட்டுவிட்டு, நல்ல தண்ணீரா உப்பா என்று பார்க்க, சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள்.

"குடிக்காதீங்க!" என்று மரகதவல்லி கத்தினாள். கம்ப்ரசர் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை. அர்த்தநாரி பக்கம் திரும்பி, மிஷினை நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினாள். அவன் அவளையும் கறுப்பு டின்னையும் பார்த்தான். நிறுத்தினான்.

அந்த அமைதி விழுந்ததும் தோட்டத்தில் ஒரு மைனா கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. காலையிலிருந்தே கத்தியிருக்க வேண்டும்.

"ஏனுங்க கண்ணு, உப்புங்களா?" என்றாள் துளசிமணி, கையில் தண்ணீரோடு.

"இல்லைங்க. எண்ணெய் கலந்திருக்கு. இன்னிக்குக் குடிக்க வேண்டாம். நல்லா ஓடித் தெளியட்டும், குடிக்கறதுக்கு முன்னாடி தண்ணியப் பரிசோதனைக்குக் குடுத்துப் பாத்துருவோம்."

"உங்க எண்ணெய்தானுங்களே? தண்ணியக் கெடுக்காதுன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"இது என்னுது இல்லைங்க."

துளசிமணி கையைப் பிரித்தாள். தண்ணீர் மண்ணில் விழுந்தது. சென்னியப்பன் அர்த்தநாரியைப் பார்த்தார். அர்த்தநாரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தான். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தான்.

"நாந்தானுங்க ஊத்துனேன்" என்றான். "நீங்க காலைல இருந்து அந்தச் சேர்ல உக்காந்துட்டு இருந்தீங்க பாருங்க, ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கறாப்பல. பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. மாட்டிக்கிச்சுன்னா உங்க பேருதான கெட்டுப்போகும்? பாதிக்குப் பாதி கலந்து விட்டா எதுக்கும் பயமில்லாம ஓடீரும்னு நெனச்சேன். உங்களுக்காகத்தானுங்க மேடம்."

பொய் இல்லை. பார்த்தாலே தெரிந்தது. மூன்று வருஷத்தில் அவளுக்காக ஒருத்தர் செய்த காரியம் இது ஒன்றுதான் என்பதும் தெரிந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் எண்ணெய் மட்டும் ஓடினப்ப சத்தம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தானுங்க பேசுச்சு."

"வறண்டு போகலையா?"

"இல்லீங்க. நாந்தான் பயந்துட்டேன்."

உண்மையாக இருக்கலாம். அவள் மனசு கஷ்டப்படக் கூடாதென்று சொன்னதாகவும் இருக்கலாம். கலந்தவன் அதையும் செய்வான். அந்தச் சத்தத்தை அவன்தான் கேட்டான், அவள் கேட்டதெல்லாம் வேறு. அது எதிலும் பதிவாகவில்லை, போய்விட்டது. அப்போது அவள் பையில் போன் அடித்தது.

"மரகதம்மா, தண்ணி பட்டுருச்சாமே?" என்றார் குழந்தைவேலு. "மச்சினன் இப்பத்தான் கூப்பிட்டான், டிரில்லர் சொன்னானாம். ஹேமர் ஒருக்காகூட நிக்கலையாமே?"

"நிக்கலைங்க."

"அப்புறமென்ன, ஜெயிச்சுட்டீங்க போங்க!"

அர்த்தநாரி நகரவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லைங்க. இன்னிக்குச் சோதனை நடக்கலைங்க."

"என்னது?"

"பாதியில வேற எண்ணெய் கலந்துருச்சு. என் எண்ணெய் மட்டும் ஓடலைங்க."

"யாரு கலந்தது?"

"நான் பாத்துக்கல."

"பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"சித்த நேரம் நகந்துட்டேங்க."

எதற்கு நகர்ந்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல முடிந்திருக்காது. "ஏம்மா, யாருக்கும்மா தெரியப்போகுது? கம்முனு வந்திருக்கலாமில்ல?" என்றார், திட்டுகிற குரலில் அல்ல, ஏறக்குறைய வருத்தத்தோடு. பிறகு அவரே தொடர்ந்தார். "சரி. மச்சினன் இன்னொருக்கா வண்டி குடுக்க மாட்டான். நானும் கேக்க முடியாது. திங்கக்கெழம ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க." "சரிங்க" என்றாள். போன் வைக்கப்பட்ட பிறகும் இன்னொரு தடவை சரிங்க என்றாள்.

சென்னியப்பன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, கோபத்தை யார்மேல் காட்டுவதென்று முடிவுசெய்ய முடியாமல், "இன்னும் கொஞ்சம் எறக்கச் சொன்னேனுங்களே, நின்னுபோச்சுன்னா தண்ணி போதாதே" என்றார். இன்னும் சில ராடு இறக்க வேண்டியிருந்தது. அர்த்தநாரி கறுப்பு டின்னைத் தூக்கிப் போய் வண்டிக்குப் பின்னால் வைத்தான். எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு வாளியில் வடித்து, பழந்துணியால் உள்பக்கம் துடைத்தான், துணி சுத்தமாக வரும்வரை துடைத்தான். பிறகு அவளுடைய வெள்ளைக் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றான்.

"ஊத்தட்டுங்களா?"

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா என் தலைங்க" என்றான்.

இதில் இப்போது ஜெயிக்க ஒன்றும் இல்லை. எழுதி அனுப்ப இடமில்லை, கேட்க ஆளில்லை. "ஊத்துங்க" என்றாள். கேன் கவிழ்ந்தது. தேன் நிறத்தில் அது கெட்டியாக, மடிந்து மடிந்து தொட்டிக்குள் இறங்கியது. கம்ப்ரசர் மறுபடி உறுமி எழுந்தது, ராடு சுற்றியது, ஹேமர் அடித்தது. அவள் நாற்காலிக்குப் போகவில்லை. மடை வளைகிற இடத்தில், குட்டையோரம், முந்தானையை மடியில் அள்ளிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தாள். ஊதாவும் பச்சையும் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. மேலிருந்து தண்ணீர் வந்து வந்து அவற்றைத் தள்ளியது, கிழித்தது, ஓரத்துக்கு ஒதுக்கியது. ஹேமர் திக்காமல் இரண்டு ராடு இறங்கின. சென்னியப்பனும் துளசிமணியும் போர்வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அர்த்தநாரி சட்டத்தின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தான். குட்டையில் நிறம் மெலிந்துகொண்டே வந்தது, ஒரு மூலையில் இழையாக நின்றது, பிறகு அதுவும் இல்லை. அவள் எண்ணெயின் லேசான பால் மங்கலோடு வெறும் தண்ணீர் ஓடியது. அதைப் பார்க்க அவளைத் தவிர வேறு யாரும் குனியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.